நம்ம வீட்டுப் பை

எங்கள் வீட்டில் பட்டன்கள் ஊதா நிறக் கிளி படம் போட்ட பையில் இருக்கும். ஊக்குகள் இன்னொரு கிளிப் பையில். ஆணி, திருகு, ரப்பர் பேண்ட், எந்தப் பூட்டுக்கென்றே தெரியாமல் என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருக்கும் பழைய சாவிகள், எல்லாமே கிளிப் பைகளில்தான். அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள் வீடு இப்படித்தான் இருக்கும். நிறம் கொஞ்சம் தள்ளிப் போனால், ஜிப் சரியாக ஒட்டாவிட்டால், அந்தப் பை வேஸ்ட். வேஸ்டை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு கட்டு வீட்டுக்கு வந்துவிடும். ஓசியில் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் நல்ல பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

மாடியில் இருக்கும் என் ஓரகத்திக்கும் ஒரு கட்டு கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி அவள். குழந்தையின் சாக்ஸ், தொப்பி, சொட்டு மருந்து எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தாள்.

"அக்கா, இந்தக் கிளி கண்ணடிக்குதே, எங்க பாப்பா பாத்துப் பாத்துச் சிரிக்கிறா," என்றாள் ஒரு நாள்.

கிளியை வரைந்தது நான். ஒரு கண் திறந்து, ஒரு கண் மூடி, அலகில் ஒரு குறும்புச் சிரிப்போடு. அவள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

அச்சகம் என் கூடப் பிறந்த அண்ணனுடையது. பாக்கெட், பவுச், டப்பா லேபிள் எல்லாம் அடிப்போம். கம்ப்யூட்டரில் டிசைன் என் பொறுப்பு, மிஷின் அண்ணன் பொறுப்பு. கிளி வேலையைக் கொண்டுவந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட் பார்ட்டி. வேலை கொடுக்க வருகிற யாராக இருந்தாலும் அச்சகத்தில் அவர் பார்ட்டிதான். இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவருடைய சென்ட் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

"ரூம் வாசனைத் தூள் மேடம்," என்றார். "முன்பக்கம் பளபளன்னு வேணும். சின்னப் பசங்களுக்குக்கூடப் பிடிக்கணும். கீழ ஓரமா 'உட்கொள்வதற்கல்ல'ன்னு சின்னதா போட்டுடுங்க."

"எவ்வளவு சின்னதா?"

"எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவுக்கு."

நான் சிரித்தேன். நல்ல ஜோக் என்று நினைத்துத்தான் சிரித்தேன். ரூம் வாசனைத் தூளை யாராவது இவ்வளவு சின்னப் பையில், கைக்குள் மறைகிற அளவில் விற்பார்களா என்று தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தோன்றிய இடத்திலேயே உட்காரவைத்துவிட்டேன்.

பின்பக்கத்துக்கு என்ன மேட்டர் போட வேண்டும் என்று கேட்டேன். அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவில்லை. பார்ட்டி மேட்டர் தராவிட்டால் நாங்கள் டம்மி மேட்டர் போட்டு பிரூஃப் காட்டுவோம். எழுத்து எங்கே வரும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காக. டிசைன் வேலை பார்க்கிற எல்லோரும் செய்வதுதான். சில நாள் முன்னால் ஒரு மூலிகை டீ பாக்கெட் முடித்திருந்தேன். அதிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டினேன். "உட்பொருட்கள்: எலுமிச்சைப் புல், இஞ்சி, அதிமதுரம். சோர்வை நீக்கும். நாள் முழுவதும் சுறுசுறுப்பு தரும்." வலது மூலை கொஞ்சம் காலியாகத் தெரிந்தது. அங்கே பச்சையில் வட்டமாக ஒரு முத்திரை போட்டு, உள்ளே "ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது" என்று எழுதினேன். அதுவும் டம்மிதான். மூலை நிரம்பியதும் டிசைன் எடுப்பாக இருந்தது.

சென்ட் பார்ட்டி பிரூஃபைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு. அப்படியே ஓட்டிடுங்க."

"இது டீ பாக்கெட் மேட்டர்ங்க. சும்மா இடத்துக்காகப் போட்டது."

"யாரு மேடம் பின்பக்கத்தைப் படிக்கப் போறா?"

முன்பக்கம் உட்கொள்ளாதே என்கிறது, பின்பக்கம் சோர்வு நீங்கும் என்கிறது. பச்சைப் பிள்ளைகூட இதென்ன கூத்து என்று கேட்கும். நான் கேட்கவில்லை. பிரூஃபில் அவரிடம் ஓகே கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தேன். கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பு பார்ட்டியுடையது, நம்முடையது இல்லை. எங்கள் தொழிலில் அது ஒரு பெரிய நிம்மதி.

அன்று மாலை அண்ணனிடம் மட்டும் கேட்டேன்.

"என்னண்ணா சரக்கு இது?"

"ஏதோ லேப்ல செய்யற மருந்து. தூங்காம இருக்கறதுக்கு, ஜாலிக்கு, அப்படின்றாங்க. சட்டத்துல இருக்கற போதைப்பொருள் லிஸ்ட்ல இது பேரு இல்லை. பேரே இல்லாததுக்கு என்ன கேஸு? நாம பை அடிக்கறோம். உள்ள என்ன போடுவான்னு நமக்கு எதுக்கு?"

சென்ட் பார்ட்டி அடுத்த தடவை வந்தபோது இன்னும் விவரமாகச் சொன்னார். லிஸ்டில் சேர்த்தால் கலவையைக் கொஞ்சம் மாற்றி வேறொன்று செய்துவிடுவார்களாம், அது லிஸ்டில் இருக்காதாம். "உள்ள எது வந்தாலும் வெளிய இதே கிளிதான் மேடம். உங்க கிளி ராசியான கிளி," என்றார். எனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஃபோன் வந்தபோது நான் அச்சகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர்.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையாம். பேக்கரியில வண்டியில ரொட்டி ஏத்திக்கிட்டு இருந்தவன் திடீர்னு சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் கத்தியிருக்கான். ட்ரேல இருக்கற ரொட்டியெல்லாம் மூச்சு விடுதுன்றானாம். நாலு பேரு சேந்து பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நீ உடனே வா."

என் கொழுந்தன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போவான். குழந்தை பிறந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் அதன் அழுகை, விடிந்தால் வண்டி. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. "தூக்கத்தைக் கிலோக் கணக்குல எங்கயாவது வித்தா சொல்லுங்க அண்ணி," என்று போன வாரம்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன். எங்கள் வீட்டில் ஏதாவது சண்டை என்றால் அவனைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைப்போம், அவன் முகத்தைப் பார்த்தாலே சண்டை அடங்கிவிடும்.

அவசரப் பிரிவின் நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஓரகத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது. அது அவனுடைய குரல்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது. நெற்றியெல்லாம் வியர்வை.

"ஜுரம் ரொம்ப அதிகமா இருக்கு. மாத்திரை, ஊசி எதுக்கும் இறங்கல. இப்போதான் ஒரு தடவை வலிப்பு வந்தது. குடிப்பாரா? வேற ஏதாவது பழக்கம் உண்டா?"

"எங்க வீட்டுக்காரர் பாக்குகூடப் போட மாட்டார் டாக்டர்," என்றாள் ஓரகத்தி. "சாமி சத்தியமா."

"நாங்களும் போதைப்பொருளுக்கு யூரின் டெஸ்ட் எடுத்தோம். ஒண்ணும் வரல. அப்படின்னா மூளைக்காய்ச்சலா இருக்கலாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். அதுக்கு முன்னாடி அவர் பொருளெல்லாம் பாருங்க. மாத்திரை, மருந்து ஏதாவது இருந்தா சொல்லுங்க."

பேக்கரி ஆட்கள் அவனுடைய சாமான்களை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓரகத்தி அதை நாற்காலியில் கொட்டினாள். சட்டை, ஃபோன், வண்டிச் சாவி, தண்ணீர் பாட்டில், குழந்தையின் ஒரு சாக்ஸ். அந்தச் சாக்ஸுக்குப் பக்கத்தில் ஊதாக் கிளி கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் டாக்டரம்மா.

"அது ஒண்ணுமில்லைங்க," என்றார் என் வீட்டுக்காரர். "அது நம்ம வீட்டுப் பை. இவ கம்பெனில அடிக்கறது. பட்டன், ஆணி எல்லாம் இதுலதான் போட்டு வெப்போம். வீடு பூரா கிடக்கும்."

நான் அதைக் கையில் எடுத்தேன். எடுத்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருவது சரக்குப் போடாத காலிப் பைகள். ஜிப்புக்கு மேலே இருக்கும் பட்டை முழுசாக இருக்கும். சரக்கை நிரப்பி, அந்தப் பட்டையைச் சூட்டில் ஒட்டி விற்கிற பையைத்தான் ஓரத்து வெட்டிலிருந்து கிழித்துத் திறக்க வேண்டும். இந்தப் பையின் மேல் பட்டை கிழிந்திருந்தது. அடி மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. அங்கே இருந்தவர்களில் அந்தக் கிழிசலுக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர், நம்ம வீட்டுப் பைதான்," என்றேன். "குழந்தையோட சாக்ஸை இதுல வெச்சிருந்திருப்பாரு."

சொல்லிவிட்டுப் பையை மடித்து என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். நான் நடையின் கோடிக்குப் போய் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மிஷினை நிறுத்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. நான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன். இந்தச் சரக்கு இப்போ லிஸ்ட்ல வந்துடுச்சு. நேத்து ஒரு கடையில போலீஸ் கிளிப் பாக்கெட்டா அள்ளிக்கிட்டுப் போயிருக்கு. சென்ட் பார்ட்டி ஃபோனை அணைச்சுட்டான். பை அடிச்சவன் யாருன்னு தேடறாங்க. கம்ப்யூட்டர்ல உன் பேருல ஃபைல் இருக்கு. உனக்கும் குடும்பம் இருக்கு, எனக்கும் இருக்கு."

"அவன் கத்தறான் அண்ணா. இங்க வரைக்கும் கேக்குது."

"டாக்டருங்க பாத்துக்குவாங்க. அவங்க படிப்பு எதுக்கு இருக்கு? நீ வாயைத் திறக்காம இரு, போதும்."

அண்ணன் கெட்டவன் இல்லை. எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவன், வேலை கொடுத்தவன். அவன் சொன்னதில் எனக்கு ஆறுதல் இருந்தது, அதுதான் உண்மை. டாக்டர்கள் இருக்கிறார்கள், மிஷின்கள் இருக்கின்றன, எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், நான் ஏன் நடுவில் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து ஓரகத்தியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் வாங்கப் போய்வந்தாள். எனக்கும் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தாள்.

"குடிங்க அக்கா. உங்க முகமே சரியில்ல."

குடித்தேன். 

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. சத்தத்தைவிட அது பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் தாளோடு வந்தார். முதுகில் ஊசி போடுவதற்குச் சம்மதம் என்று ஓரகத்தி கையெழுத்துப் போட வேண்டும். அவள் தாளை வாங்கி, பார்த்து, என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு எழுத்தெல்லாம் மிதக்குது அக்கா. நீங்க தினமும் இதே வேலையா இருக்கறவங்க. படிச்சுச் சொல்லுங்க. நீங்க சரின்னா போடறேன்."

எழுத்து வேலை பார்க்கிறவள் சரி என்று சொன்னால் சரியாக இருக்கும். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு. நான் படித்தேன். ஊசியால் என்னென்ன ஆபத்து வரலாம் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில், நோயாளி உட்கொண்டவை பற்றித் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டதாகக் குடும்பத்தார் உறுதி கூறுகிறார்கள் என்று இருந்தது. சின்ன எழுத்து. இதையும் என்னைப் போல ஒருத்திதான் எங்கேயோ உட்கார்ந்து டைப் அடித்திருப்பாள். ஆனால் அவள் இடத்தை நிரப்புவதற்காக அடிக்கவில்லை.

"என்ன அக்கா, போடலாமா?"

"இரு," என்றேன். "இதுல கையெழுத்துப் போடாத."

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே விட மாட்டேன் என்றார் காவலாளி. டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். டாக்டரம்மா வந்தார். கைப்பையிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல சாக்ஸ் இல்லை. இது கடையில விக்கற போதைப் பொடி. அவரு இதைத்தான் சாப்பிட்டிருக்காரு. நான் பொய் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை, திட்ட அவருக்கு நேரமில்லை. பையைத் திருப்பினார்.

"எலுமிச்சைப் புல், இஞ்சி, அதிமதுரம்னு போட்டிருக்கே. லேப்ல டெஸ்ட் பண்ணினதுன்னு வேற இருக்கு."

"அது பொய். நான்தான் எழுதினேன். இடம் காலியா இருந்தது, அதனால."

"அப்போ உள்ள உண்மையிலேயே என்ன இருக்கு?"

"தெரியாது டாக்டர்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. விக்கறவனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேற வேற வரும். பை மட்டும்தான் ஒண்ணு."

டாக்டரம்மா பையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். முதுகு ஊசியை நிறுத்துங்க, ஐஸ் கொண்டு வாங்க, எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு. போகிறபோக்கில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாங்க எதைத் தேடறோமோ அதைத்தான் அந்த டெஸ்ட் காட்டும். இந்தப் புதுச் சரக்கெல்லாம் அதுல மாட்டாது. இது ஜுரம் இல்லம்மா, உடம்பே உள்ள இருந்து கொதிக்குது. ஜுர மாத்திரை என்ன செய்யும்? திரும்ப ஆட்டம் வந்தா அடக்க வேற ஒரு ஊசி போடலாம்னு இருந்தோம். அதைப் போட்டிருந்தா சூடு இன்னும் ஏறியிருக்கும்."

கதவு மூடிக்கொண்டது. திரும்பினேன். ஓரகத்தி எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாளைப் படித்தபோதுதான் சந்தேகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"பாத்த உடனே."

"நான் தண்ணி வாங்கப் போனேனே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

அவள் என் கையிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். பிறகு நடையின் மறுகோடிக்குப் போய், அதுவரை உட்காராதவள், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சாயங்காலம் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிளி, டம்மி மேட்டர், பச்சை முத்திரை, அண்ணன், சென்ட் பாட்டில். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"நாங்க அடிச்சப்போ அது லிஸ்ட்ல இல்லைங்க," என்று அண்ணன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிப் பார்த்தேன்.

"லிஸ்ட்ல வந்த அப்புறமும் அடிச்சிருக்கீங்க. அதை விடுங்க. பொய்யா லேபிள் போட்டு ஆளுக்கு ஆபத்து வந்தா அது எப்பவுமே குத்தம்தான்," என்றார். "உங்க கொழுந்தன் மேலயும் கேஸ் வரும், அதையும் தெரிஞ்சுக்கங்க. கையில வெச்சிருந்தது அவரு. தெரியாம வாங்கினேன்னு அவர்தான் கோர்ட்டுல சொல்லணும். வண்டி ஓட்டறவர் வேற. லைசென்ஸை நிறுத்தி வெப்பாங்க."

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பிழைத்து எழுந்தாலும் வண்டிச் சாவியைத் தொட முடியாது. நான் வாயை மூடினாலும் அவனுக்குத்தான் அடி, திறந்தாலும் அவனுக்குத்தான் அடி.

அவன் பிழைத்தான். கொதித்த உடம்பில் தசையெல்லாம் சிதைந்து, அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு அவனைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சிறுநீரகம் திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். டாக்டரம்மாவிடம் ஒரு நாள் துணிந்து கேட்டேன், நான் பையைக் கைப்பைக்குள் வைக்காமல் அப்போதே கொடுத்திருந்தால் இது இவ்வளவு தூரம் போயிருக்காதா என்று.

 "அதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. ஐஸ் சீக்கிரம் வந்திருக்கும், அது மட்டும் நிச்சயம்," என்றார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். நொந்தது.

அச்சகத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நானும் அண்ணனும் ஜாமீனில் இருக்கிறோம். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சென்ட் பார்ட்டியை இன்னும் பிடிக்கவில்லை. வேறு ஊரில் வேறு பறவை படம் போட்ட பாக்கெட் வந்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அதன் பின்பக்கத்தை யார் எழுதினார்களோ.

வீட்டில் ஓரகத்தி கிளிப் பைகளை எல்லாம் காலி செய்துவிட்டாள். ஒரு நாள் மாடிப்படியில் பார்த்தேன், சாக்ஸ், தொப்பி, சொட்டு மருந்து எல்லாம் ஒரு தாம்பாளத்தில் கிடந்தன. பைகளைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டதாம். என்னிடம் இதைச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். ஓரகத்தி என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழி விடுகிறாள். அக்கா என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. அவள் என்னைக் கிழித்து நார்நாராகத் தொங்கவிட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கொழுந்தனைப் போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை. அவன்தான் அண்ணியை வரச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். கடைசியில் போனேன்.

கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தான். கையில் இரண்டு குழாய், பக்கத்தில் அந்த மிஷின். ஓரகத்தி ஜன்னலோரம் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் எழ முயன்றான். மரியாதைக்காக. நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன்.

"உங்களைப் பெரிய சிக்கல்ல மாட்டி விட்டுட்டேன் அண்ணி," என்றான். "போலீஸு, கேஸுன்னு அலையறீங்களாம். என்னாலதான்."

 என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று புரிந்தபோது அந்த அறையைவிட்டு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகுச்சு. ஒரு தடவை சிக்னல்ல நின்னபடியே தூங்கிட்டேன். பொட்டிக்கடையில கேட்டேன், தூக்கம் வராம இருக்க ஏதாவது இருக்கான்னு. அவன் ரெண்டு மூணு பாக்கெட்டை எடுத்துப் போட்டான். நம்ம கிளியும் இருந்துச்சு." மூச்சு வாங்கினான். "பாத்ததும் சிரிச்சுட்டேன் அண்ணி. அட, இது நம்ம வீட்டுதுன்னு. மத்ததெல்லாம் என்ன எழவோ. இதுன்னா பயமில்லை, நம்ம அண்ணி செஞ்சதுன்னு வாங்கினேன். பின்பக்கம் முழுசாப் படிச்சும் பாத்தேன். இஞ்சி, அதிமதுரம்னுதான் இருந்துச்சு. சோர்வு போகும்னும் இருந்துச்சு."

ஜன்னலோரம் துணி மடிக்கிற கை நின்றுவிட்டது.

"அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுப்பா," என்றேன். "சத்தியமா தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"தெரியாமலா அண்ணி பின்னாடி அவ்வளவு எழுதினீங்க?"

"ஆமா," என்றேன்.